சத்துணவுக்கு நடந்து வர முடியாத பிள்ளைகள்

தமிழில் ‘சவலை’ என்று ஒரு சொல் உண்டு. மடியில் ஒரு பிள்ளை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் அடுத்ததை உண்டாகிவிட்டால், பால் மறந்த பிள்ளை நோஞ்சானாகிப் போகும். அதற்குச் சவலைப்பிள்ளை என்று பெயர். 1930களில் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், மருத்துவராக இருந்த சிசிலி வில்லியம்ஸ் அங்குள்ள பெண்களிடமிருந்து ‘குவாஷியோர்க்கர்’ என்ற சொல்லைக் கேட்டு 1935இல் லான்செட் இதழில் எழுதினார். அடுத்த குழந்தை வந்ததால் இடம் பறிபோன குழந்தைக்கு வரும் நோய் என்பதுதான் அந்தச் சொல்லுக்கும் பொருள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு மொழிகளின் தாய்மார்கள் ஒரே விஷயத்தைப் பார்த்து, ஒரே காரணத்தைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரே சொல்லில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் சவலை கண்ணுக்குத் தெரிகிற நோய். கை கால் சூம்பி, வயிறு முன்னே தள்ளி, யார் பார்த்தாலும் சொல்லிவிடலாம். ரத்தசோகை அப்படியில்லை. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளைக்கும் அது இருக்கும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் தெரியும் வெளுப்பு, கொஞ்சம் சோர்வு, அடிக்கடி சளி. நம் வீடுகளில் கவனிக்கப்பட்ட ஒரே அறிகுறி மண் தின்பது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் பல்பம் தின்னும், சுவரில் இருக்கிற சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னும். வயிற்றில் பூச்சி என்று சொல்லி வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுப்பார்கள். உடம்பில் இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு மண்ணையும் சாம்பலையும் தின்னும் ஆசை வரும் என்பது மருத்துவம் பிற்பாடு சொன்னது. கண்ணன் மண் தின்ற கதையை ரசித்துக் கேட்கிற ஊர் நம்முடையது. யசோதை வாயைத் திறந்து பார்த்தாள். இமையைத் திறந்து பார்த்திருக்கலாம்.

நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தை, ஏறத்தாழ ஆறு மாதத்துக்குப் போதுமான இரும்பைத் தாயிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. அது குறையில்லை, கையிருப்பு இருப்பதால் தேவையில்லை. ஆறு மாதம் முடிந்ததும் கையிருப்பு தீர்ந்துவிடும். அதே நேரத்தில் உடம்பு வேகமாக வளரும். இனி இரும்பு வெளியிலிருந்துதான் வர வேண்டும். வயிறோ ஒரு கைப்பிடி. அதில் நாம் போடுவது அரிசிக் கஞ்சி, பருப்புச் சாதம், இட்லி, பாலில் நனைத்த பிஸ்கட். தானியத்திலும் பருப்பிலும் இருக்கிற இரும்பில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரையான இந்தப் பதினெட்டு மாதங்களில்தான் மூளையும் வேகவேகமாக உருவாகிறது. அப்போது நீண்ட நாள் இரும்பு போதாமல் இருந்தால், பின்னால் கொடுத்தாலும் இழந்தது முழுதாகத் திரும்புவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்தப் பதினெட்டு மாதங்களை மனதில் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டின் நூறாண்டு உணவுத் திட்ட வரலாற்றைப் படித்தால் அது கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் தாய்மார்கள். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, பிறகு லண்டனில் மருத்துவம் படித்தவர். பம்பாய் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகை வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். அது ஏன் என்று பார்க்க வந்தார். அவர்களுடைய ரத்த அணுக்கள் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. இரும்பு கொடுத்தால் தீர்கிற சோகை அல்ல இது. வில்ஸ் அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று போய்ப் பார்த்தார். கீரை, பழம், பால், கறி எதுவும் கிட்டத்தட்ட இல்லை. ஏழைப் பெண்களுக்கு அதிகம், வசதியானவர்களுக்குக் குறைவு.

1929இல் வேலை குன்னூருக்கு மாறியது. ராபர்ட் மெக்காரிசன் அங்கே ஊட்டச்சத்து ஆய்வை நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண்கள் சாப்பிட்ட மாதிரியே எலிகளுக்கும் குரங்குகளுக்கும் கொடுத்துப் பார்த்தார் வில்ஸ். சோகை பிடித்த குரங்கு ஒன்றுக்கு ஈஸ்ட் சாறு கொடுத்ததும் அது தேறியது. அந்தச் சாற்றின் கடைப்பெயர் மார்மைட். பீர் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் கரிய பசை, ரொட்டியில் தடவிச் சாப்பிடுவது. பிறகு அதையே பெண்களுக்குக் கொடுத்தார். சில நாட்களிலேயே ரத்தத்தில் புது அணுக்கள் வரத் தொடங்கின. 1931இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. மார்மைட்டில் இருந்த பொருள் எது என்று தெரியாததால் அதை ‘வில்ஸ் காரணி’ என்று அழைத்தார்கள்.

1931இன் தொடக்கத்தில் அவர் வேலை பார்த்தது சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில். முக்காட்டுக்குள் இருக்கும் பெண்களுக்கென்று 1885இல் தொடங்கிய மருத்துவமனை. இன்று அதன் பெயர் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்றாலும், பாட்டிமார்கள் இன்னும் கோஷா என்றுதான் சொல்கிறார்கள். திருநின்றவூரில் ஏறி சென்ட்ரலில் இறங்கி அங்கே பிள்ளை பெற்று வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. அந்தக் கட்டடத்துக்கு மருத்துவ வரலாற்றில் இப்படி ஓர் இடம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை.

வில்ஸ் காரணியின் மீதிக் கதையும் திருவல்லிக்கேணியை ஒட்டியே வருகிறது. 1941இல் அந்தப் பொருளைப் பசலைக்கீரையிலிருந்து பிரித்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மெட்ரிக்குலேஷனை மூன்றாவது முயற்சியில் தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இளமையில் அவர் குடும்பத்தில் இரண்டு சகோதரர்கள் ‘ஸ்ப்ரூ’ என்ற குடல் நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். அவருக்கும் அது வந்தது. பின்னாளில் அந்த நோய்க்கு மருந்தாக ஆனது இதே ஃபோலிக் அமிலம். வில்ஸ் சென்னைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் அமெரிக்கா போய்விட்டார். இதை நாவலில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று சொல்லிவிடுவோம்.

இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரை. 1970இல் மத்திய அரசு ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது தாய்மார்களோடு சிறு குழந்தைகளையும் சேர்த்தது. தாய் சோகையோடு இருந்தால் பிள்ளை எடுத்து வரும் கையிருப்பு குறையும் என்ற அளவில் இரண்டும் ஒரே பிரச்சினைதான். திருநின்றவூர் பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் தாயாருக்கு ‘என்னைப் பெற்ற தாயார்’ என்று பெயர். சமுத்திரராஜன் மகளைப் பார்த்து அப்படி அழைத்தான் என்பது தலபுராணம். பெற்றவள் மகளாகவும் மகள் பெற்றவளாகவும் மாறுகிற இந்தக் கணக்கு சோகைக்கு நன்றாகவே பொருந்தும். பெண் குழந்தைக்கு இரண்டு வயதில் விடுபட்டது இருபத்திரண்டு வயதில் அவள் பிள்ளைக்குப் போகிறது.

அடுத்தது அடுப்படி. 1920இல் தியாகராய செட்டியார் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி கொடுத்தது. 1956இல் காமராஜர் மதிய உணவை மாகாணம் முழுக்கக் கொண்டுபோனார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவு வந்தது. இந்த வரிசையைப் பெருமையோடு சொல்ல நமக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. எவ்வளவு கேலிக்கும் எதிர்ப்புக்கும் நடுவே இவை நின்றன என்பதும் தெரிந்ததுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு வர வேண்டும். 1982இல் கிராமப்புறங்களில் தொடங்கிய வயது இரண்டு. நடந்து வந்து, வரிசையில் உட்கார்ந்து, சாதம் சாப்பிடத் தெரிந்த பிள்ளை. நான் சொன்ன பதினெட்டு மாதம் அதற்குள் முடிந்துவிட்டது.

இது யாருக்கும் தோன்றாமல் இல்லை. சத்துணவுக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1980இல், உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்தில் தொடங்கியிருந்தது. அதன் குறி ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது. ஊர்ப் பெண் ஒருவரே ஊழியர். மாதாமாதம் பிள்ளைகளைத் தராசில் தொங்கவிட்டு எடை பார்ப்பார். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்து உருண்டை. தேறினால் உருண்டை நின்றுவிடும். எல்லோருக்கும் எல்லா நாளும் என்ற எம்.ஜி.ஆர். கணக்குக்கு நேர் எதிரான கணக்கு. உலக வங்கி வகையறாவுக்கு முன்னது ஊதாரித்தனமாகவும், நம்மவர்களுக்குப் பின்னது கஞ்சத்தனமாகவும் பட்டது. கடுமையான எடைக்குறைவு நிஜமாகவே குறைந்தது என்றுதான் மதிப்பீடுகள் சொன்னன. என் பார்வையில் அந்தத் திட்டத்தின் பெரிய காரியம் உருண்டை அல்ல, ஊழியர் வீட்டு வாசலுக்குப் போனது. ஆனால் அதுவும் பார்த்தது எடையைத்தான். தராசுக்கு ரத்தத்தின் வெளுப்பு தெரியாது.

அப்படியானால் சாப்பாட்டிலேயே இரும்பைக் கலந்துவிட்டால் என்ன? கேட்க எளிதாக இருக்கிறது. அயோடினை உப்பில் கலந்தோமே! ஆனால் இரும்பு சண்டைக்காரப் பொருள். உடம்பில் நன்றாகச் சேர்கிற ஃபெரஸ் சல்பேட் சாப்பாட்டின் நிறத்தைக் கெடுக்கும், வாயில் ஆணியைச் சப்பிய ருசி வரும். நிறமும் ருசியும் கெடாத ஃபெரிக் பைரோபாஸ்பேட் உடம்பில் குறைவாகவே சேரும். அயோடின் உப்பில் இரும்பைச் சேர்த்தால் இரண்டும் மோதிக்கொண்டு உப்பு பழுப்பாகும், அயோடின் பறந்துபோகும். குன்னூர் ஆய்வகம் 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அங்கே 1970களிலிருந்து இந்த ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டினார்கள். பாஸ்பேட் வகை நிலைநிறுத்தி ஒன்றைச் சேர்த்து, இரும்பும் அயோடினும் அடங்கிக் கிடக்கிற உப்பைக் கொண்டுவந்தார்கள். ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனம் அந்த இரட்டைச் செறிவூட்டிய உப்பைத் தயாரிக்கிறது. சத்துணவுக் கூடங்களுக்கு அது போகிறது, 2014இல் அம்மா உப்பு வரிசையில் கடைக்கும் வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஒரு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு உப்பு போடுவோம்? போடவே கூடாது என்கிறார் குழந்தை மருத்துவர். மறுபடியும் அதே பிள்ளைகள் விடுபட்டார்கள்.

சாப்பாட்டில் கலப்பதையே விரும்பாத பெரியவர்களும் உண்டு. சேலத்தில் பிறந்து, குன்னூரில் ஆய்வு தொடங்கி, ஹைதராபாத் நிறுவனத்தை நடத்திய சி. கோபாலன் கடைசிவரை இதில் பிடிவாதமாக இருந்தார். ஏழைக்கு வேண்டியது பொட்டலமும் மாத்திரையும் அல்ல, கீரையும் பருப்பும் பாலும் வாங்குகிற வசதி என்பது அவர் கட்சி. கொள்கையாக அதை மறுக்க முடியாது. ஆனால் முருங்கைக்கீரையை எவ்வளவு மசித்தாலும் எட்டு மாதப் பிள்ளை இரண்டு கரண்டிக்கு மேல் வாங்காது. வசதி வருகிறவரை அந்தப் பிள்ளையின் வயது காத்திருக்காது.

1990களின் பிற்பகுதியில் கனடாவின் டொரன்டோவில் ஸ்டான்லி ஸ்லாட்கின் என்ற குழந்தை மருத்துவர் ஒரு வழி கண்டார். ஃபெரஸ் ஃபியூமரேட் என்ற இரும்பு உப்பின் நுண்துகள் ஒவ்வொன்றுக்கும் கொழுப்பில் ஒரு சட்டை போட்டார். ருசி தெரியாது, நிறம் மாறாது, வயிற்றுக்குள் போய்த்தான் சட்டை கழலும். துத்தநாகம், வைட்டமின் ஏ, ஃபோலிக் அமிலம் முதலியவற்றோடு சேர்த்து ஒரு வேளைக்கு ஒரு சிறு பொட்டலம். தாய் என்ன ஆக்குகிறாளோ அதிலேயே தூவிக் கொடுக்கலாம். அரசாங்கம் அரிசியை மாற்ற வேண்டாம், வீடு சமையலை மாற்ற வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2011இல் இதைப் பரிந்துரைத்தது. சென்னையிலேயே மாளவிகா வினோத் குமார், எஸ். ராஜகோபாலன் இருவரும் 2000களில் இதே திசையில் வேலை செய்தார்கள். பள்ளி உணவில் சமைக்கும்போது சேர்க்கிற பல நுண்சத்துத் தூளையும் உப்பையும் தமிழ்நாட்டுப் பிள்ளைகளிடம் சோதித்து, சர்வதேச இதழ்களில் எழுதினார்கள்.

தூள் எவ்வளவு தூரம் உதவும்? 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் இரும்புக் குறைபாடு 53 சதவீதம் குறைந்தது, ரத்தசோகை 18 சதவீதம்தான் குறைந்தது என்கிறது. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சோகை எல்லாமே இரும்புச் சோகை இல்லை. வில்ஸ் பம்பாயில் பார்த்த பாடம்தான். திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, குடற்புழு, பி12 குறைவு, பரம்பரை ரத்தக் கோளாறு எல்லாம் அந்த மீதியில் இருக்கின்றன. இரும்பை அள்ளிக் கொட்டுவதும் ஆபத்தாகலாம். மலேரியா மிகுந்த சான்சிபாரின் பெம்பா தீவில் நடந்த பெரிய ஆய்வில், இரும்பு கொடுக்கப்பட்ட பிள்ளைகள் அதிகமாக மருத்துவமனைக்குப் போனார்கள், இறப்பும் கூடியது. 2003இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2006இல் வெளியானது. நேபாளத்தில் அதே மாதிரி நடந்த ஆய்வில் அப்படி எதுவும் இல்லை. இடத்தைப் பார்த்துச் செய் என்பதைத் தவிர இதிலிருந்து பொதுவாக எதுவும் சொல்ல முடியாது.

இனி எங்கள் ஊர். திருநின்றவூரில் இன்று ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு அரசிடமிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. பால்வாடியிலிருந்து இணை உணவுப் பாக்கெட். நாங்கள் சொல்வது சத்துமாவு. கோதுமை, கேழ்வரகு, கடலை, வெல்லத்தோடு வைட்டமினும் தாதுவும் சேர்த்தது. மகளிர் கூட்டுறவுச் சங்கங்கள் தயாரிப்பவை. இன்னொன்று இரும்புச் சிரப், வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 1 மில்லி, அதில் 20 மில்லிகிராம் இரும்பு. காகிதத்தில் இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை.

பால்வாடி டீச்சர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “பாக்கெட்ட குடுக்கறது என் வேலை சார். எழுதியும் வெச்சிடுவேன். வீட்ல யாரு கிண்டறாங்க, யாரு குடிக்கறாங்கன்னு நான் எங்க போய்ப் பாக்கறது?” என்றார். சத்துமாவுக் கஞ்சி காலையில் வேலைக்குப் போகிற அப்பாவுக்கு, பள்ளிக்குப் போகிற அக்காவுக்கு. பிள்ளை இரண்டு வாய் வாங்கிவிட்டுத் துப்பும். மாட்டுக்குக் கரைத்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிரப்பைக் கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகிறது, பல்லில் கறை ஏறுகிறது. கறுப்பாகப் போவது இயல்புதான் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்தத் தாய் பயந்திருக்க மாட்டாள். ரயிலடிக்கு அந்தப் பக்கம் புது மனைப்பிரிவுகளில் கட்டட வேலைக்கு வந்திருக்கிற வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் பல பேர் பதிவேட்டிலேயே இல்லை.

எங்கள் ஊர்ப் பூசலார் நாயனார் கையில் காசில்லாமல் மனதுக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய நிஜக் கோயிலை விட்டுவிட்டு இறைவன் அந்த நாளில் இங்கே வந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. நம் திட்டங்களும் அப்படித்தான் பதிவேட்டில் கலசம் வரைக்கும் எழும்பி நிற்கின்றன. பூசலாருக்கு வந்த மாதிரி யாராவது வருவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

பதிவேட்டைத் தாண்டி உண்மை தெரிய தேசியக் குடும்ப நல ஆய்வைத்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சோகை உள்ளவர்கள் 2005-06இல் 64.2 சதவீதம், 2015-16இல் 50.7, 2019-21இல் 57.4. இறங்கியது திரும்ப ஏறிவிட்டது. இங்கே ஒரு சர்ச்சை உண்டு. அந்த ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தச் சொட்டைப் பார்த்தது. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்த 2016-18 தேசிய ஆய்வில், ஒன்று முதல் நான்கு வயது வரை இந்தியா முழுக்க 41 சதவீதம்தான் வந்தது. குடும்ப நல ஆய்வின் அகில இந்திய எண்ணோ அதே சமயத்தில் 58ஐத் தாண்டியிருந்தது. போதாக்குறைக்கு, 1968 முதல் 11 கிராம் என்றிருந்த ஹீமோகுளோபின் எல்லைக்கோட்டை, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு 10.5 என்று 2024இல் உலக சுகாதார நிறுவனம் இறக்கியது. நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். சோதனை தேறவில்லையென்றால் தேர்ச்சி எல்லையை இறக்கிவிடுகிற சாமர்த்தியத்தை அலுவலகத்தில் தினமும் பார்க்கிறேன், அதனால் முதலில் சந்தேகம்தான் வந்தது. ஆனால் ஆரோக்கியமான பிள்ளைகளின் ரத்தத்தை அளந்துதான் புது எல்லையை வைத்திருக்கிறார்கள். கோடு எங்கே இருந்தாலும் ஐந்தில் இரண்டு பிள்ளை என்பது சிறிய எண் அல்ல.

ரேஷனில் வந்த செறிவூட்டிய அரிசியைப் பற்றிக் கேட்பீர்கள். பிளாஸ்டிக் அரிசி என்று நம் வீடுகளில் பொறுக்கி எறிகிற அந்த வெளுப்பான மணிகள்தான். நூறு மணிக்கு ஒன்றாகக் கலந்தார்கள். சேர்த்திருப்பது அநேகமாக ஃபெரிக் பைரோபாஸ்பேட். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு என்பது விதி. ஒரு வயதுப் பிள்ளை நாளைக்கு 50 கிராம் அரிசி சாப்பிடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 350 கிராம், அதாவது 10 முதல் 15 மில்லிகிராம் இரும்பு. தூள் என்றால் ஒரே ஒரு பொட்டலத்தில் அவ்வளவு இருக்கும். சிரப் என்றால் வாரத்துக்கு 40. அரிசி அப்பாவுக்கும் அக்காவுக்கும் உதவலாம். எட்டு மாதப் பிள்ளைக்கு அது திட்டமே இல்லை.

தூள் பொட்டலத்தைக் கொதிக்கிற கஞ்சியில் போடக்கூடாது, சட்டை உருகி இரும்பு ருசி வந்துவிடும். சட்டி முழுக்கக் கலக்கவும் கூடாது. பிள்ளை மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிற இரண்டு மூன்று வாய் அளவைத் தனியாக எடுத்து, ஆறவைத்து, அதில் தூவி, அரைமணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். சத்துமாவுக்கும் இதே மாதிரி ஒரு சின்னக் கிண்ணத்தை முதலில் எடுத்து வைக்கச் சொன்னால் போதும் என்பது அந்த டீச்சரின் யோசனை. பாக்கெட் கொடுக்கிற நாளில் தாய்மாரை உட்காரவைத்து, அங்கேயே கஞ்சி காய்ச்சி, அவரவர் பிள்ளைக்கு ஊட்டிக் காட்டுகிறார். அதற்குத் தனியாக கேஸ் கணக்கு கிடையாது. “ரெண்டு வயசுக்கு மேல இருக்கிற புள்ளைங்களுக்கு சாதம் வடிக்கிற அடுப்புலயே அஞ்சு நிமிஷம், அவ்ளோதான்” என்றார்.